காஸ்பர் வாத்தியார் அவிழ்க்காத வேப்பிலை

கல்விக்கு அதிகமாகச் செலவு செய்தால் பிள்ளைகள் அதிகமாகப் படிப்பார்களா என்று கார்ப்பரேஷனில் பெரிய மனிதர்கள் கூடிக் கூடிப் பேசுகிறார்களாம். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், மயிலாப்பூர் கச்சேரி ரோட்டிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்குகிற எங்கள் சந்துக்கு வாருங்கள், காஸ்பர் வாத்தியாரின் பள்ளிக்கூடத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள் என்று சொல்லியிருப்பேன். சொன்ன கையோடு நாக்கையும் கடித்துக்கொண்டிருப்பேன். அந்த மனிதரின் பிராணனை வாங்கியதே பார்த்துவிட்டுப் போக வந்தவர்கள்தான்.

எனக்குப் படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. பிழைப்புக்கு விறகுத் தொட்டி. தொட்டிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில் ஒரு தட்டி வேலிதான். இந்தப் பக்கம் நான் சவுக்குக் கட்டை பிளப்பேன், அந்தப் பக்கம் அவர் பிள்ளைகளைப் பிளப்பார். சத்தத்தில் இரண்டும் ஒன்றுதான்.

காஸ்பர் சாந்தோம்காரர். பறங்கியர் காலத்திலிருந்து அந்தக் கோவில் நிழலிலேயே இருக்கிற குடும்பம். காலையில் பூசை கண்டுவிட்டு நேரே பள்ளிக்கூடம் வருவார். வேட்டிக்கு மேல் கழுத்து வரை பொத்தான் போட்ட வெள்ளைக் கோட்டு, கையில் குடை, பையில் ஒரு பக்கம் ஜெபமாலை, இன்னொரு பக்கம் பொடி மட்டை. ஆள் காற்றடித்தால் பறந்து போகிற மாதிரி இருப்பார். குரல் மட்டும் துறைமுகத்துச் சங்கு.

அவருடைய வித்தை முழுவதும் வாசற்படியில் இருந்தது. மணி அடித்ததும் வாசலை அடைத்தாற்போல் நிற்பார். உள்ளே போகிற பிள்ளை ஒவ்வொன்றும் ஒரு கணக்குச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். சொல்லத் தெரியாத பிள்ளையைத் திட்ட மாட்டார், அடிக்க மாட்டார். "ஓரமா நில்லு, அடுத்தவன் சொல்றதக் கேளு" என்பார். ஓரமாக நின்று நின்று, பின்னால் வருகிறவர்கள் சொல்வதைக் கேட்டுக் கேட்டு, வெயில் ஏறுவதற்குள் கட்டைத் தலையனுக்குக்கூட வாய்ப்பாடு ஏறிவிடும். ஆங்காங்கே சுங்கச் சாவடி வைத்து வரி வாங்குகிறார்களே, அந்த மாதிரி இது கணக்குச் சாவடி.

எனக்கும் விலக்கு இல்லை. பள்ளிக்கூடத்தில் மத்தியானம் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றுவார்கள். அதற்கு விறகு என் தொட்டியிலிருந்து. ஒரு நாள் விறகுக் கட்டையைத் தலையில் சுமந்துகொண்டு போய் நிற்கிறேன்.

"எட்டுப் பதினேழு?" என்றார்.

"வாத்தியாரே, நான் வெறவு போட வந்தவன். கழுத்து ஒடியுது."

"வெறகு போடறவருக்கு எட்டுப் பதினேழு தெரிய வேணாமா? அப்ப இத்தன நாளா எங்க தலையில எவ்வளவு மொளகா அரைச்சீங்களோ!"

கஞ்சி காய்ச்சுகிற தேவானை உள்ளேயிருந்து, "நூத்து முப்பத்தாறுன்னு சொல்லிட்டு வா நைனா, உல ஆறிப் போவுது" என்று கத்தினாள். தேவானை கடற்கரைக் குப்பத்துக்காரி. பள்ளிக்கூடத்துக்கு ஆயாவும் அவள்தான், சமையலும் அவள்தான், வாத்தியாரை எதிர்த்துப் பேசுகிற ஒரே ஜீவனும் அவள்தான்.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று மெட்ராஸே மூட்டை கட்டிக்கொண்டு ஓடிய வருஷம் உங்களுக்கு நினைவிருக்கும். மாடவீதியில் ஆள் கிடையாது, குளத்தில் குளிக்க ஆள் கிடையாது. காஸ்பர் வாத்தியார் மட்டும் தினமும் வந்து வாசலில் நின்றார். பள்ளிக்கூடத்தை மூடு என்று அவருக்கு உத்தரவு வரவில்லை. உத்தரவைக் கொண்டுவர வேண்டிய பியூன் செங்கல்பட்டுக்கு ஓடிவிட்டான். ஓடிப் போக வேறு ஊர் இல்லாத குப்பத்துப் பிள்ளைகள் ஏழெட்டு வந்தன. அதுகள் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டே பதினாறாம் வாய்ப்பாடு படித்தன.

அவருடைய உயிர் எதில் இருந்தது என்றால், ஐந்தாம் வகுப்பில். முன்னெல்லாம் இந்தப் பள்ளிக்கூடம் நான்கோடு நின்றுவிடும். மேலே படிக்க வேண்டுமானால் கால்வாய் தாண்டி வேறு பள்ளிக்குப் போக வேண்டும். குப்பத்துப் பிள்ளை எது போகும்? நான்கு முடித்ததும் வலை இழுக்கப் போய்விடும். வாத்தியார் வருஷக்கணக்காக மனுப் போட்டு, நடையாய் நடந்து, சண்டை பிடித்து ஐந்தாம் வகுப்பை வாங்கினார். ஐந்து முடித்தால் ஹைஸ்கூலில் பர்ஸ்ட் பாரம், அதாவது ஆறாம் வகுப்பு, சேருவதற்குப் பரீட்சை எழுதலாம். எழுதுகிறதில் பாதிக்கு மேல் தேறும். அவர் மனைவி பியாட்ரிஸ் அம்மாள் சந்தில் எல்லோரிடமும் சொல்லும்: "எங்க வீட்டுக்காரருக்கு ரெண்டு சம்சாரம். ஒண்ணு நான், இன்னொண்ணு அஞ்சாங் கிளாஸ். அவளுக்குத்தான் செல்லம்."

இப்படிப் போய்க்கொண்டிருந்த இடத்துக்கு, நாற்பத்தெட்டாம் வருஷம் பணம் வந்தது.

சுதந்திரம் வந்துவிட்டது, ஏழைப் பிள்ளைகள் படிக்க வேண்டும், செலவைப் பார்க்காதே என்று பேச்சு. எங்கள் டிவிஷன் கவுன்சிலர் கோதண்டபாணி, மன்றத்தில் மேஜையைக் குத்தி வாதாடி, டிவிஷனுக்கு ஒரு பள்ளிக்கூடம் என்று பெரிய தொகை வாங்கி வந்தார். நல்ல மனிதர், தப்புச் சொல்ல மாட்டேன். உடம்பு பெரிது, மனசும் பெரிது, குரலும் பெரிது.

எங்கள் பள்ளிக்கூடத்தின் கீற்றுக் கூரையைப் பிய்த்துவிட்டு ஓடு போட்டார்கள். ஃப்ளோரா என்று ஒரு டீச்சரைப் புதிதாகப் போட்டார்கள். சிறு வயது, கெட்டிக்காரப் பெண். இந்த இரண்டும் தங்கமான காரியங்கள். அதோடு விட்டிருக்கலாம். உலக உருண்டை ஒன்று வந்தது. ஆர்மோனியப் பெட்டி ஒன்று வந்தது. பட்டாளத்துக்காரர்கள் சண்டை முடிந்து ஏலம் விட்ட பெஞ்சுகள் ஒரு லாரி நிறைய வந்தன. அதில் உட்கார்ந்தால் பிள்ளைகளுக்குக் கால் தரையில் படாது. தொட்டில் பிள்ளை மாதிரி ஆடிக்கொண்டிருக்கும். பெஞ்சுச் சந்தெல்லாம் மூட்டைப்பூச்சி.

தேவானை ஒரு பூச்சியை நசுக்கிப் பார்த்துவிட்டு, "இது நம்மூர்ப் பூச்சி இல்ல நைனா, சீமைப் பூச்சி. கடிச்சா இங்கிலீஷ்ல வலிக்குது" என்றாள்.

பூச்சியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பார்வையாளர்களைத்தான் பொறுக்க முடியவில்லை. செலவு செய்தவர்களுக்கு, செலவானதைப் பார்க்க ஆசை இருக்குமா இருக்காதா? முதலில் கோதண்டபாணி வந்தார். அவர் தன் கமிட்டியை அழைத்து வந்தார். கமிட்டி அடுத்த டிவிஷன்காரர்களை அழைத்து வந்தது. வெளியூர் முனிசிபாலிட்டியிலிருந்து வந்தார்கள். மயிலாப்பூரில் கல்யாணத்துக்கு வந்தவர்கள் கல்யாணம் சலித்துப் போய் வந்தார்கள். எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: "இவ்வளவு பணம் போட்டிருக்கே, பசங்க படிப்பு எப்படி?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்காகப் படிப்பு நின்றது.

நம் ஊரில் ஒரு பெரிய மனிதர் பள்ளிக்கூடத்துக்கு வந்தால் சும்மா வந்துவிட்டுப் போக முடியுமா? வாசலில் கோலம். தட்டில் பூ. எலுமிச்சம்பழம். ரோஜா மாலை. வரவேற்புப் பாட்டு. கும்மி. அவர் பேச்சு. அவரைப் புகழ்ந்து பேச்சு. நன்றி சொல்லி ஒரு பேச்சு. முக்கால் நாள் போய்விடும். முந்தின நாள் முழுக்க ஒத்திகை. ஃப்ளோரா டீச்சருக்கு ஆர்மோனியம் வாசிக்கத் தெரியும் என்பது வெளியே தெரிந்துபோயிற்று. அதோடு அந்தப் பெண்ணின் கணக்கு வகுப்பு முடிந்தது, பாட்டு வகுப்பு தொடங்கியது. வாசலில் காஸ்பர் கணக்குக் கேட்டுக்கொண்டு நின்ற இடத்தில் பூத்தட்டோடு பெண் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். கணக்குச் சாவடி மூடப்பட்டது.

"வருக வருகவே, வள்ளலே வருகவே" என்று பாட்டு. பிள்ளைகள் தூக்கத்தில் எழுப்பினாலும் பாடும். வெள்ளைச் சட்டை போட்ட யாரைக் கண்டாலும் பாட ஆரம்பித்துவிட்டன. ஒரு நாள் குழாய் ரிப்பேர் பார்க்க வந்தவன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டான். அவன் தலையில் பூவைக் கொட்டி, வள்ளலே என்று பாடி, கும்மியும் அடித்துவிட்டார்கள். அவன் கண் கலங்கிப் போய், "இருவது வருசமா குழாய் பாக்குறேன், ஒருத்தன் வான்னு கேட்டதில்ல" என்று சொல்லி, இரண்டு குழாயைச் சும்மாவே சரி பண்ணிக் கொடுத்துவிட்டுப் போனான். அந்த வருஷம் பள்ளிக்கூடத்துக்குப் பார்வையாளர்களால் கிடைத்த லாபம் அது ஒன்றுதான்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் அரைப் பரீட்சை வைத்தார். தாள்களைத் திருத்திவிட்டு என் தொட்டிக்கு வந்து தராசுப் பக்கத்தில் உட்கார்ந்தார். மூக்குக்குப் போன பொடி கோட்டில் கொட்டியதுகூடத் தெரியவில்லை.

"சென்னை மாகாணத்தில் அதிகம் விளையும் பொருள் எதுன்னு கேட்டிருந்தேன். அஞ்சாங் கிளாஸ்ல சின்னப்பையன்னு ஒருத்தன் இருக்கானே, என்ன எழுதியிருக்கான் தெரியுமா?"

"நெல்லுதானே?"

"ரோஜா மாலை."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

பொங்கல் கழிந்ததும் கோதண்டபாணி தனியாக வந்தார். அரைப் பரீட்சைக் கதை எப்படியோ அவர் காதுக்குப் போயிருந்தது. வேலிக்கு இந்தப் பக்கம் எனக்கு எல்லாம் கேட்டது.

"இன்னா வாத்தியாரே இது? துட்டு இல்லாதப்போ பாதிக்கு மேல பாஸ் பண்ணாங்க. துட்டக் கொட்டுனப்புறம் ஒண்ணும் தேறாதுன்றாங்களே! கமிட்டில என் மானம் போவுது."

"பார்வையாளர் வராம இருந்தா போதுங்க. நான் தேத்திடுவேன்."

"பாக்காம எப்டி வாத்தியாரே? துட்டு போட்டவன் வந்து பாக்க மாட்டானா? ஒண்ணு சொல்றேன் கேட்டுக்குங்க. இந்தப் பரிட்சைல போன வருசத்த விட அதிகமா தேறலன்னா, அஞ்சாங் கிளாஸ எடுத்துட்டு அந்தத் துட்ட வேற எடத்துக்குக் குடுக்கணும்ன்றாங்க கமிட்டில. உங்களையும் சிந்தாதிரிப்பேட்டைக்குத் தூக்கிப் போட்டுடுவாங்க. என்னால தடுக்க முடியாது." போகும்போது திரும்பிப் பார்த்து, "அப்றம், வர்ற வாரம் கோயமுத்தூர்லேந்து ஆளுங்க வர்றாங்க. பாட்டு ஜோரா இருக்கட்டும்" என்றார்.

சிந்தாதிரிப்பேட்டைக்குப் போவது அவருக்குப் பெரிதில்லை. டிராம் இருக்கிறது. ஐந்தாம் வகுப்பு போனால்? பரீட்சைக்கு இன்னும் மூன்று மாதம்கூட இல்லை. வாத்தியார் அன்று மாலை சாந்தோம் கோவிலில் வெகுநேரம் முழங்காலில் இருந்தார் என்று பியாட்ரிஸ் அம்மாள் சொல்லிற்று.

கோயமுத்தூர்க்காரர்கள் வர வேண்டிய நாள். காலையில் தேவானை, பெஞ்சுக்குப் பூச்சி மருந்தாகட்டும் என்று ஒரு பெரிய வேப்பங்கொத்து ஒடித்துக்கொண்டு வந்தாள். கையில் பால் பாத்திரமும் இருந்தது. கொத்தைக் கீழே வைத்தால் ஆடு தின்றுவிடும் என்று வாசல் கம்பியில் இரண்டு பக்கமும் பிரித்துக் கட்டிவிட்டு, பாலைக் காய்ச்ச உள்ளே போய்விட்டாள்.

சந்து முனையில் பிளசர் கார் வந்து நின்றது. ஆர்மோனியம் இழுக்கத் தொடங்கியது. கார் இன்னும் கொஞ்சம் முன்னால் வந்தது. பிறகு நின்றது. நின்ற கார் அப்படியே பின்பக்கமாகப் போயிற்று. கண்ணாடியை இறக்கிக் கோதண்டபாணி துண்டால் வாயை மூடிக்கொண்டு கத்தினார்: "வாத்தியாரே! ஒடம்பப் பாத்துக்குங்க! பசங்களுக்கு எளநி குடுங்க!"

கார் போய்விட்டது. காஸ்பர் ஒன்றும் புரியாமல் சந்தைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். வாசலில் வேப்பிலை. அம்மை போட்டிருக்கிற வீட்டு வாசலில் கட்டுவார்களே, அச்சு அசலாக அதே மாதிரி.

தேவானை ஓடி வந்து தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, மூட்டைப்பூச்சிக்குக் கொண்டாந்தது நைனா! இதோ எடுத்துர்றேன்."

"இரு" என்றார் காஸ்பர்.

அவர் ஒரு சிட்டிகை பொடியை நிதானமாக இழுத்தார். தும்மினார். உள்ளே திரும்பி, "ஃப்ளோரா! ஆர்மோனியத்த மூடிட்டு, பின்னம் நடத்தும்மா" என்றார்.

அன்றைக்கு எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. இலை காய்ந்தபோது தேவானை தானாகவே புதுக் கொத்து ஒடித்து வந்தாள். "பூச்சி இன்னும் கீது நைனா" என்றாள். இருந்தது வாஸ்தவம்தான்.

ஆனால் வேப்பிலை தொங்குகிற வாசல் வழியாகப் பிள்ளைகள் குதித்துக்கொண்டு போனால் யார் நம்புவார்கள்? ஆகவே என் தட்டி வேலியில் கீழ்ப்பக்கம் ஒரு ஓட்டை போட்டார்கள். என்னைக் கேட்டுக்கொண்டு போடவில்லை, போட்ட பிறகு சொன்னார்கள். பிள்ளைகள் என் தொட்டிக்குள் வந்து, அந்த ஓட்டை வழியாகப் பள்ளிக்குள் நுழையும். கணக்குச் சாவடியும் என் தொட்டிக்கு வந்து சேர்ந்தது. தராசுக்குப் பக்கத்தில் வாத்தியார் நின்றுகொண்டு பதின்மூன்றாம் வாய்ப்பாடு கேட்பார். நான் ஒரு மணங்கு விறகு நிறுப்பதற்குள் மூன்று தரம் எண்ணிக்கை தப்பிவிடும். வாங்க வந்தவர்களும் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். இந்த வயதில் எனக்குப் பத்தொன்பதாம் வாய்ப்பாடு தெரியும் என்றால் அது என் குற்றமில்லை.

குப்பத்தில் எல்லோருக்கும் தேவானை விஷயத்தைச் சொல்லிவிட்டாள். ஒரு வாய் வெளியே பேசவில்லை. கார்ப்பரேஷன்காரர்களும் ஒன்றும் செய்யவில்லை. நம் ஊரில் ஒரு காரியத்தை எல்லோரும் பார்த்துவிட்டால், மற்றவன் எழுதிப் போட்டிருப்பான் என்று யாருமே எழுதிப் போட மாட்டார்கள்.

"பொய்தானே வாத்தியாரே இது?" என்று நான் ஒரு நாள் சீண்டினேன்.

அவருக்குச் சுருக்கென்றது. "நான் என்ன பொய் சொன்னேன்? கட்டினது தேவானை. கட்டினது மூட்டைப்பூச்சிக்கு. யாராவது வந்து அம்மையான்னு கேட்டா இல்லைன்னுதான் சொல்வேன். ஒருத்தரும் கேக்கல. அவிழ்க்காம இருக்கேன், அவ்வளவுதான்."

இருந்தாலும் மனசு உறுத்தியிருக்கிறது. கோவிலில் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம், அவிழ்க்காமல் இருப்பது பாவமா என்று கேட்டாராம். சாமியார், "பரீட்சை எப்போ?" என்று கேட்டாராம்.

பங்குனி வெயில் ஏறியது. ஃப்ளோரா டீச்சர் ஒரு பக்கம் கணக்கு, வாத்தியார் ஒரு பக்கம் தமிழ். புது ஓட்டுக் கூரைக்குக் கீழே, மத்தியானக் கஞ்சி குடித்த தெம்பில், பிள்ளைகள் படித்த படிப்பை நான் என் காதால் கேட்டேன். பரீட்சைக்கு ஒரு வாரம் இருந்தது.

அப்போதுதான் கோதண்டபாணியின் நல்ல மனசு குறுக்கே வந்தது. பாவம், பிள்ளைகளுக்கு இத்தனை நாளாக அம்மை இறங்கவில்லையே என்று அவருக்குத் தூக்கம் வரவில்லை. தானே ஹெல்த் ஆபீசில் போய்ச் சொல்லி, உத்தரவு வாங்கி, அம்மை குத்துகிற ஷரீஃபை அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். கவுன்சிலர் வேப்பிலை வாசலுக்குப் பயந்து என் தொட்டியில் நின்றுகொண்டு, துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். ஷரீஃப் மட்டும் பெட்டியோடு வாசல் வழியாக உள்ளே போனார்.

"யாருக்கு வாத்தியாரே போட்டிருக்கு?"

"யாருக்கும் இல்லைங்க."

"அப்போ வேப்பிலை?"

"மூட்டைப்பூச்சிக்கு."

ஷரீஃப் ஒரு பெஞ்சைத் தட்டிப் பார்த்தார். தட்டிய கையை உடனே உதறினார். "சரியாத்தான் கட்டியிருக்கீங்க" என்றார்.

இந்தப் பக்கம், கோதண்டபாணி நின்றுகொண்டிருந்த இடத்துக்கு ஒரு கூட்டம் பிள்ளைகள் வந்து சேர்ந்தன. ரத்னா என்று ஒரு பெண், குப்பத்திலேயே வாயாடி. அவரை அண்ணாந்து பார்த்தது.

"மாமா, ஓரமா நில்லு. வழி வுடு."

"எந்த வழி? ஏம்மா, அம்மை போட்ட எடத்துக்கு எங்க போற?"

"அம்மையா? இஸ்கோலுக்குப் போறோம். தெனம் இப்டிதான். கணக்கு சொன்னா உள்ள வுடுவாங்க."

கோதண்டபாணியின் துண்டு கீழே விழுந்தது. முகம் சிவந்தது. "அட பேஜாரே! என்னையே ஏமாத்திகினு இருந்தீங்களா?" என்று குனிந்து, அந்த ஓட்டை வழியாகவே பள்ளிக்கூடத்துக்குள் பாய்ந்தார். அது ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் அளவுக்குப் போட்ட ஓட்டை. தலை போயிற்று. வலது கை போயிற்று. வயிறு போகவில்லை. பாதி மனிதர் பள்ளிக்கூடத்தில், மீதி என் தொட்டியில்.

"வாத்தியாரே! நாளைக்கே கமிட்டி கீது! பரிட்சையாவது ஒண்ணாவது! அஞ்சாங் கிளாஸ இன்னியோட மூடறேன் பாருங்க!" என்று அந்தப் பக்கத்திலிருந்து தலை கத்தியது.

காஸ்பர் வாத்தியாரின் முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது. கோதண்டபாணிக்குப் பின்னால், தொட்டிப் பக்கத்தில், ரத்னா மட்டும் பொறுமையாக, "மாமா, கணக்கு சொல்லாம பூந்தா அப்டிதான். பதிமூணு ஏழு சொல்லு, வுட்ருவாங்க" என்றது.

ஷரீஃப் உத்தரவுக் காகிதத்தை எடுத்துப் படித்தார். "பள்ளிக்கூடத்துல இருக்கிற அத்தன பேருக்கும் குத்தணும்னு போட்டிருக்கு. வந்த வேலைய முடிச்சுட்டுப் போயிடறேன்."

"குத்துங்க" என்றார் காஸ்பர், அந்த நிலையிலும். "ஆனா எல்லாருக்கும் இடது கை. பரீட்சை எழுதற கையில குத்தக் கூடாது. சின்னப்பையன் இடது கைக்காரன், அவனுக்கு மட்டும் வலது."

"இவருக்கு?" என்று ஷரீஃப் வேலியில் இருந்த தலையைக் காட்டினார்.

"நான் பள்ளிக்கூடத்துல இல்ல! தொட்டில கீறேன்!" என்று கோதண்டபாணி அலறினார். சின்ன வயதிலிருந்தே அந்த ஊசியைக் கண்டால் ஓடுகிறவர் என்று பிறகு தெரிந்தது.

"கை பள்ளிக்கூடத்துல இருக்கே" என்றார் ஷரீஃப். குத்திவிட்டார்.

தேவானையும் நானும் தட்டியைப் பிய்த்து அவரை வெளியே எடுத்தோம். அவர் ஒருவரையும் பார்க்காமல், "நாளைக்கு கமிட்டில பேசிக்கறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார். காஸ்பர் அன்று மாலை வரை பாடம் நடத்தினார். குரல் மட்டும் எனக்குக் கேட்கவே இல்லை. வேலியோரம் போய்ப் பார்த்தேன். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

மறுநாள் கமிட்டிக்குக் கோதண்டபாணி போகவில்லை. ஏற்கனவே குத்திக்கொண்ட பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. முதல் முறை குத்திக்கொண்ட பெரிய மனிதருக்குக் கை தலையணை மாதிரி வீங்கி, கொதிக்கிற ஜுரம். அவர் வீட்டு அம்மாள் பயந்து போய் வாசலில் வேப்பிலையைக் கட்டிவிட்டாள்.

அடுத்த வாரம் பிள்ளைகள் ஹைஸ்கூலுக்குப் போய்ப் பரீட்சை எழுதின. வாத்தியார் ஹைஸ்கூல் வாசலில் நின்று, உள்ளே போகிற ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு கணக்குக் கேட்டுத்தான் அனுப்பினார். வேறு பள்ளிப் பிள்ளைகள் சிலதும் இதுவும் பரீட்சையில் சேர்த்தி போல என்று நினைத்துப் பதில் சொல்லிவிட்டுப் போயின.

ரிசல்ட்டு வந்த அன்று கோதண்டபாணி என் தொட்டிக்கு வந்தார். இளைத்திருந்தார். காஸ்பர் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, தண்டனை கேட்க வந்தவர் போல் வந்து நின்றார். எழுதியது பதினாறு, தேறியது பதிமூன்று. போன வருஷம் ஒன்பதுதான். ஆனால் கோதண்டபாணி கமிட்டியில் வாய் திறந்தால் அந்தப் பதிமூன்றும் போச்சு. ஏமாற்றியவன் நடத்திய வகுப்பு என்று ஒரு வார்த்தை போதும்.

கோதண்டபாணி தராசுத் தட்டில் உட்கார்ந்தார். வேறு இடம் அவருக்குப் போதாது.

"வாத்தியாரே, எங்க வூட்டு வாசல்ல பத்து நாளு வேப்பில கட்டியிருந்துது."

"கேள்விப்பட்டேங்க. என்னால உங்களுக்கு..."

"இருங்க, சொல்ல வுடுங்க. நான் கவுன்சிலரா ஆனதுலேந்து விடிஞ்சா வாசல்ல நூறு பேரு. சிபாரிசு, சந்தா, பஞ்சாயத்து, காதுகுத்து. எம் பசங்க மொகத்த நான் சரியாப் பாத்ததே இல்ல. அந்தப் பத்து நாளும் ஒரு ஈ காக்கா வரல. கூட்டல் கழித்தல் சொல்லிக் குடுத்தேன் வாத்தியாரே, என் சின்னவனுக்கு! அவன் எந்தக் கிளாஸுன்னே அப்பத்தான் எனக்குத் தெரியும்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "ஜுரம் எறங்குன அன்னிக்கு எங்கூட்டம்மா வேப்பிலைய அவுக்கப் போனா. இன்னும் நாலு நாளு இருக்கட்டும்டின்னேன்."

காஸ்பர் பொடி மட்டையை எடுத்தார். முதலில் கோதண்டபாணிக்கு நீட்டினார். ஐந்தாம் வகுப்பு பிழைத்தது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

கமிட்டியில் பெரிய வாதம் நடந்ததாம். செலவு செய்ததால்தான் தேறினார்கள் என்று ஒரு கட்சி. செலவு செய்யாதபோதும் தேறிக்கொண்டுதானே இருந்தார்கள் என்று ஒரு கட்சி. நான் இரண்டு கட்சிக்கும் ஒன்று சொல்லுவேன். பணம் வீண் என்று எவனாவது சொன்னால் அவன் ஐப்பசி மழையில் அந்தப் பழைய கீற்றுக் கொட்டகையில் உட்கார்ந்து பார்க்கட்டும். ஓடு வந்தது பணத்தால். ஃப்ளோரா டீச்சர் வந்தது பணத்தால். பதிமூன்றில் நாலு பிள்ளையாவது அந்தப் பெண்ணுடைய கைவரிசை. ஆனால் பணத்தைக் கொண்டுவந்து வைத்தவன், வைத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும். கஞ்சிப் பானையை அடுப்பில் ஏற்றிவிட்டு, வெந்ததா வெந்ததா என்று நாற்பது பேர் மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தால், நான் எத்தனை மணங்கு விறகு போட்டாலும் அரிசி வேகாது.

வாதம் தீராததால் கமிட்டி ஒரு முடிவுக்கு வந்தது. இரண்டு கட்சியும் நேரில் போய்ப் பார்த்துவிடுவது. தொடர்ந்து வேறு டிவிஷன்காரர்கள். பிறகு வெளியூர். பள்ளிக்கூடம் திறந்த முதல் வாரமே கோதண்டபாணி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இந்தச் சேதியைச் சொல்ல வந்தார். வாத்தியார் வாசலில் நின்று புது ஐந்தாம் வகுப்புக்குக் கணக்குக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கோதண்டபாணி அவரைப் பார்த்தார். வெறும் வாசல் கம்பியைப் பார்த்தார். பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பி, மெதுவாக, அந்தப் பெரிய குரலை எவ்வளவு சின்னதாக்க முடியுமோ அவ்வளவு சின்னதாக்கிக்கொண்டு கேட்டார்.

"இன்னா தேவான, அந்த மூட்டைப்பூச்சி இன்னும் கீதா?"

தேவானை கஞ்சிக் கரண்டியைக் கீழே வைத்தாள். "அது எங்க போவும் மொதலாளி? முன்னவிட சாஸ்தியா கீது" என்று சொல்லிவிட்டு, கொத்து ஒடிக்கப் போனாள்.